நூறு நாள் பச்சை

எங்கள் லைனில் பச்சை மார்க்கர்தான் சீக்கிரம் தீரும். சிவப்பு, மூடி திறக்காமலே காய்ந்துபோகும். எனக்குச் சிரிக்கிற சுபாவம் சார். இந்த விசாரணை அறைக்கு வந்து உட்கார்ந்ததும் நாற்காலி கிறீச்சென்றது, அதற்கே சிரிப்பு வந்துவிட்டது. தப்பாக நினைக்காதீர்கள்.

என் பெயர் ராஜலட்சுமி. ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் இந்தக் கம்பெனியில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஐந்து வருடமாக நான்காம் லைனுக்கு லீடர். எனக்குக் கீழே இருபத்திரண்டு பெண்கள். எவளுக்காவது பிறந்தநாள் என்றால் பலூன் ஊதுவது நான்தான். ஆயுதபூஜை அன்று கேன்டீனில் முதலில் ஆட இறங்குவதும் நான்தான். என் லைனில் ஒருத்திகூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்ததில்லை, விசாரித்துப் பாருங்கள்.

தொப்பி விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலைக்கு நடுவே பாத்ரூம் போகிறவள் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். லைனுக்கு ஒரே தொப்பி. திரும்பி வரும்வரை அவள் இடத்தில் ரிலீவர் கனகம் நிற்பாள். லைன் முன்னால் மாட்டியிருக்கும் பலகையில் மணிக்கு ஒரு கட்டம் உண்டு. தொப்பி ஆணியிலேயே இருந்தால் பச்சை, எடுத்தால் சிவப்பு. சிவப்புக்குக் காரணம் எழுதி, மறுநாள் காலைக் கூட்டத்தில் மேனேஜர் ஜெகதீஷ் சார் முன்னால் படிக்க வேண்டும். டீக்கும் சாப்பாட்டுக்கும் விடுகிறார்களே, அப்போது போய்க்கொள்ளலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது. நூறு நாள் தொப்பிக்கு லீவு கொடுப்போம் என்று ஒரு விளையாட்டை ஆரம்பித்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. பத்தாம் நாள் தொப்பிக்குச் சாமந்திப் பூ சுற்றினேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஏலவார்குழலி காஞ்சிபுரம் பக்கத்துப் பெண். இரண்டாவது குழந்தை பிறந்து ஏழு மாதத்தில் வேலைக்குத் திரும்பினாள். தும்மினால் சிறுநீர் கசியும். ஒயர் பண்டிலைத் தூக்கக் குனிந்தால் கசியும். சில நாள் அடக்கவே முடியாமல் போய்விடும். இதை என்னிடம் மட்டும் காதோடு சொன்னாள். அவளைக் கட்டிக்கொண்டேன். பாவமாகத்தான் இருந்தது. என் பையிலிருந்து நாப்கின் எடுத்துக் கொடுத்து, தண்ணீரைக் குறைத்துக்கொள் என்றேன். அவள் உடனே கேட்டுக்கொண்டாள். அப்படி ஒரு நல்ல பெண்.

ஆனால் லீவு நாளில் அவள் ஒரு லேடி டாக்டரைப் போய்ப் பார்த்துவிட்டாள். திங்கட்கிழமை பூரித்துப்போய் வந்தாள். "பிரசவத்துக்கு அப்பறம் நெறைய பேருக்கு வர்றதுதானாம்க்கா. எக்சர்சைஸ் கீதாம், மாத்திரை கீதாம். சரியாப்பூடும்னாங்க" என்றாள். முதலில் மூன்று நாளுக்கு ஒரு சார்ட் எழுத வேண்டுமாம். எவ்வளவு தண்ணீர் குடித்தாள், எத்தனை தடவை போனாள், எத்தனை தடவை கசிந்தது என்று மணிக்கு மணி குறிக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் டாக்டர் வைத்தியம் ஆரம்பிப்பாராம்.

லைனுக்குள் பேப்பர், பேனா, போன் எதுவும் கொண்டுவரக் கூடாது. லீடர் ஒருத்திக்குத்தான் அனுமதி. அதனால் அந்தத் தாள் என்னிடம் வந்தது.

மூன்று நாளும் அவள் விரலை மட்டும் காட்டுவாள், வீட்டுக் கணக்கையும் காலையில் வந்து அப்படித்தான் காட்டுவாள். ஒரு விரல் என்றால் ஒரு தடவை கசிந்தது. முதல் நாளே ஐந்து விரல். நான் தலையாட்டிவிட்டுத் தாளை எடுப்பேன். மணிக்கு மணி கட்டம், எங்கள் பலகையைப் போலவே இருந்தது சார். கட்டத்தைப் பார்த்தால் என் கைக்கு ஒன்றுதான் தெரியும். கசிவு, பூஜ்யம். தண்ணீர், இரண்டரை லிட்டர். இதைவிட்டு ஐந்து என்று எழுதினால் டாக்டர் மணிக்கு ஒரு தடவை பாத்ரூமுக்கு விடச் சொல்லி லெட்டர் கொடுப்பார். அன்று எங்களுக்கு எழுபத்தோராம் நாள். தாளைக் கவரில் போட்டு ஸ்டேபிள் அடித்து, டாக்டர்தான் திறக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

டாக்டர் சார்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாராம். இப்போது பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறார். இவள் கூச்சத்தில் தலையை ஆட்டிவிட்டாள். அப்படியானால் மூன்று மாதம் கழித்து வா என்று அனுப்பிவிட்டார்.

"டாக்டரே ஒண்ணும் இல்லன்னுட்டாங்கக்கா. எனக்கு மனசுலதான் இன்னாவோ கோளாறு போல" என்றாள் என்னிடம். இல்லையே, எல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது என்று அவள் கன்னத்தைக் கிள்ளினேன். அதற்கப்புறம் அவள் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. தண்ணீர் பாட்டிலையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வர ஆரம்பித்தாள்.

தொண்ணூற்றெட்டாம் நாள், சிறுநீர் போனால் எரிகிறது என்றாள். சூடு, மோர் குடி என்றேன்.

நூறாம் நாள் மாதிரி ஒரு நாள் இனி எனக்கு வராது. லைன் முழுக்கப் பச்சை பலூன். பச்சை கிரீம் போட்டு கேக். ஜெகதீஷ் சாரே இரண்டு மணிக்கு வெட்ட வருவதாகச் சொல்லிவிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினோரு மணிக்குக் குழலி கையைத் தூக்கினாள். தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது. பல் கிட்டிக்கொண்டு நடுங்கினாள்.

"அக்கா, ஒரே ஒரு வாட்டி வுடுக்கா. முதுவெல்லாம் வலிக்குது. முடியலக்கா."

"மூணே மணி நேரம்டி. என் கண்ணுல்ல" என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் போகட்டும் என்று நினைத்தேன். அப்போது அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. சாப்பாடு முடிந்து லைன் ஓட ஆரம்பித்ததும் கனகம் தொப்பியில் கை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் தலையை அசைத்தேன். அவள் கையை எடுத்துவிட்டாள், அவள்மேல் தப்பில்லை. கேக் வெட்டினபோது அவளை நான்தான் தோளைப் பிடித்து நிறுத்தினேன், போட்டோவில் குழலி நடுவில் இருக்கிறாள், சிரித்துக்கொண்டு. கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் விழுந்தாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுக்கென்று எடுத்துவைத்த கேக் துண்டும் கையில் இருந்தது. வாசலில் நின்ற அவள் கணவன் லோகேஷ் என்னைக் கண்டதும் வராந்தாவின் மறுமுனைக்குப் போய்விட்டான். உள்ளே குழலிக்கு நினைவில்லை, மூக்கிலும் கையிலும் குழாய். கட்டில் காலடியில் ஒரு தாள் மாட்டியிருந்தது. சிறுநீர் அளவு, மணிக்கு ஒரு கட்டம். ஆறு மணி, பூஜ்யம். ஏழு, பூஜ்யம். எட்டு, பூஜ்யம்.

"கிட்னி ரெண்டும் நின்னுபோச்சும்மா. சொட்டுகூட வரல" என்றாள் நர்ஸ்.

எனக்கு அழுகை வந்தது சார், இல்லையென்று சொல்லவில்லை. இருந்தாலும் கண் அந்தத் தாளை விட்டு நகரவில்லை. ஒரு கட்டத்தில்கூடக் கசிவு இல்லை. இந்தப் பூஜ்யங்களை நான் எழுதவில்லை. அவளே வாங்கியவை, சுத்தமான பூஜ்யங்கள்.

அந்தத் தாளில் பச்சை டிக் போட்டது யாரென்று லோகேஷ் தன் புகாரில் கேட்டிருக்கிறான். நான்தான். பூஜ்யம் இருந்த எல்லாக் கட்டத்திலும் போட்டேன். கண் விழித்ததும் பார்த்தால் சந்தோஷப்படுவாளே என்று.