எட்டு ரூம்புக்கும் ஒரே சாவி

…தேக்குபா அது, தேக்கு. அத்தப் போயி கடப்பாறையால நெம்ப வச்சிட்டானுங்களே என்னிய. கேக்குதா சத்தம்? உள்ள தச்சன் காசி ஒண்ணாம் நெம்பரு ரூம்பு கதவ நெம்பிக்கினு இருக்கான். ஒவ்வொரு இடியும் என் வயித்துல வுழறாப்ல இருக்குது. நீ உக்காரு. பஸ்ஸுக்குத்தான வந்த? இந்த கவர்மெண்டு பங்களா கேட்டாண்டதான் நிக்கும். மூட்டய பெஞ்சு மேல வையி.

இன்னா மூட்டையில, சாமையா? புதுச் சாமை மாதிரி இருக்குது. யாருக்கு எட்த்துக்கினு போற? இன்னா, என்னியக் கை காட்ற? எனக்கா? நல்லா தமாஷ் பண்றபா நீ. இந்த வாட்ச்மேன் கோபால்சாமிக்கு யாரு சாமை குடுப்பான்? இந்த பங்களாவுக்கு வர்றவன் எட்த்துக்கினுதான் போவான், குட்த்துட்டா போவான்? சரி, இரு இரு, நான் ஆரம்பிச்சத சொல்லிட்றேன்.

மொதல்ல இங்க எப்டி இருந்துச்சு தெரியுமா. எட்டு ரூம்பு, எட்டு தொங்குபூட்டு. சாவிய அல்லாம் ஒரு கம்பியில கோத்து சமையக்கட்டு ஆணியில மாட்டிருக்கும். யாருக்கு வேணுமோ எட்த்துக்குவாங்க. பெருக்கற செல்லி எடுப்பா, துணி வெளுக்கறவன் எடுப்பான். ஒரு சோப்பு காணாம போனதில்ல. சரி, சோப்பு போச்சு. சோப்பு போகாத பங்களா எங்கபா இருக்குது?

அப்பறம் புதுசா ஒரு எஞ்சினீரு வந்தாரு. சட்டப் பையில ரெண்டு பேனா. வந்ததும் ஆணியப் பாத்தாரு. 'இன்னாயா இது, மாட்டுக்குக் கட்ற சலங்கையா'ன்னாரு. அடுத்த மாசமே மெட்ராசுலேர்ந்து பூட்டு வந்து எறங்கிச்சு. கதவுக்குள்ளயே பொதைக்கற பூட்டு. இழுத்து சாத்தினா போதும், தானாப் பூட்டிக்கும். பூட்டறதுக்கு ஆளு வேணாம். தொறக்கறதுக்குத்தான் ஆளு வேணும். எங்க மாமியா வூட்டுக் கதவும் அப்டித்தான்.

வரிசையா நிக்க வச்சு பாடம் எட்த்தாரு பாரு, அதான் கூத்து. செல்லி சாவி பெருக்கற ரூம்ப மட்டும் தொறக்கும். வெளுக்கறவன் சாவி துணி ரூம்ப மட்டும் தொறக்கும். எவன் எங்க போவலாம், எவன் எங்க போவக்கூடாதுன்னு சாவியே சொல்லிடுமாம். மலைக்காரங்கள நம்ப முடியாதாம். வூட்டு வாசல்ல ஒரு முள்ளு படல சாத்திட்டு சந்தைக்குப் போறவங்க நீங்க, உங்களுக்கு மெட்ராசு பூட்டு. செல்லி சிரிச்சா. நானும் சிரிச்சிருப்பேன், ஆனா அந்த நேரம் பாத்து அவரு ஒரு பெரிய சாவிய எடுத்து என் கையில வச்சாரு. மாஸ்டர் கீயாம். எட்டு ரூம்பயும் அது ஒண்ணே தொறக்கும். 'கோபால்சாமி, இது சாவி இல்லய்யா, என் நம்பிக்க'ன்னாரு. அப்பறம் எங்க சிரிப்பு வருது? அர்ணாக்கயித்துல கட்டிக்கினேன்.

இன்னொண்ணு கெடையாதான்னு கேக்கற மாதிரி பாக்கற. நானும் கேட்டேன். 'ரெண்டு இருந்தா அதுக்குப் பேரு மாஸ்டர் கீ இல்ல'ன்னுட்டாரு.

மடியில இன்னா தேடற, பீடியா? வேணாம்பா. இங்க புடிக்கக்கூடாது, போர்டு வச்சிருக்குது. பொறு, சொல்லி முடிச்சிட்றேன்.

செல்லி கிட்ட ஒரு சாவி, வெளுக்கறவன் கிட்ட ஒரு சாவி, அப்பறம் என் கையில இருக்கறதுக்கு இன்னா மரியாத? அல்லாத்தையும் வாங்கிட்டேன். ஒண்ணாம் நெம்பரு ரூம்புலதான் ஜன்னலுக்குக் கம்பி கெட்டி. அங்க ஆணி அடிச்சு வரிசையா மாட்டினேன். கதவ இழுத்து சாத்தினேன். சத்தம் கூட இல்ல, அப்டி பூட்டிக்கிச்சு. அதுக்கப்பறம் பெருக்கணுமா, என்னாண்ட வா. சோப்பு வேணுமா, என்னாண்ட வா. எஞ்சினீரே ஒரு தபா கக்கூசு தொறக்க என்னாண்டதான் வந்து நின்னாரு. நின்னாருன்னா, நெளிஞ்சாரு. நான் முடிச்ச மெதுவாத்தான் அவுத்தேன்.

எந்த ஊரு நீ? நெல்லிவாசல் பக்கமா? அப்ப அந்த வெறவு போட்ற கருப்பனத் தெரியும் உனுக்கு. தெரியும்னு தலயாட்டாத. தெரிஞ்சாலும் தெரியாதுன்னு சொல்லு, பேரு கெட்டுப்பூடும். அவனாலதான் இந்தக் கடப்பாறயே.

செவ்வாக்கெழம வந்தான். வெறவுக்கட்ட எறக்கி வச்சான், நிமுந்தான், அப்டியே சாஞ்சான். வலிப்பு. கையி காலு வெட்டிவெட்டி இழுக்குது. செல்லி 'இரும்பக் குடு, கையில இரும்பக் குடு'ன்னு கத்தறா. வலிப்பு வந்தா இரும்பத்தான குடுப்பாங்க? ஆம்புட்டது அதுதான். இடுப்பிலேர்ந்து சாவியப் புடுங்கி அவன் உள்ளங்கையில வச்சு அழுத்தினேன். எங்க வூட்டுக்காரி கேக்கறா, ஏன்யா பக்கத்துல கரண்டி இல்லியா, அருவாமண இல்லியான்னு. கரண்டி பித்தள. அருவாமணய வலிப்புக்காரன் கையில குடுக்க முடியுமா? இவளுக்கு இன்னா தெரியும்.

கையி இறுகிக்கிச்சுபா. வலிப்பு நின்னுச்சு, கையி மட்டும் அவுறல. நான் ஒவ்வொரு வெரலா நெம்பறேன், செல்லி நெம்பறா. எட்டு கதவத் தொறக்கற சாவி உள்ள இருக்குது, அந்தக் கையத் தொறக்க ஒரு சாவி இல்ல. அதுக்குள்ள பாரஸ்ட் ஜீப்பு வந்துச்சு. தூக்கிப் போட்டாங்க. வேலூரு பெரியாஸ்பத்திரிக்குப் போறான், கைய மூடிக்கினு. நான் ஜீப்பு பின்னாலயே ஓட்றேன். 'பாவம், எவ்ளோ பாசம் பாரு'ன்றான் டிரைவரு.

ஆளு வுட்டுக் கேட்டா, ஆஸ்பத்திரியிலேர்ந்து வெளிய அனுப்பிட்டாங்களாம், எங்கயோ போய்ட்டானாம். அவ்ளோதான். எட்டு ரூம்பு சாவி ஆம்புட்டவன் திரும்பி வருவானா நீயே சொல்லு. இல்ல, நீ சொல்லாத. நான் சொல்றேன். வரமாட்டான்.

இன்னிக்கு சாயங்காலம் பெரிய ஆபீசரு குடும்பத்தோட வர்றாரு. இத்தினி வருசமா தினக்கூலியா கெடக்கறேன், என்னிய நெரந்தரம் பண்ற காயிதத்துல அவருதான் கையெழுத்துப் போடணும். வரும்போது எட்டு ரூம்பும் பூட்டிக் கெடந்தா எங்க உக்காந்து போடுவாரு, இந்த பெஞ்சிலயா? எஞ்சினீரு காத்தால ஒயர்லெஸ்ல கத்தறாரு, 'எப்டியாவது தொறந்து வையி, கதவுல கீறல் வுழுந்தா உன் வேல காலி'ன்னு. தொறக்கவும் வேணும், கீறவும் கூடாது. நல்லா படிச்சவருபா.

'சாவி எப்டியா போச்சு'ன்னு கேட்டாரு. நான் இன்னா சொல்லுவேன்? நானே எட்த்து ஒருத்தன் கையில வச்சேன்னு சொன்னா மானம் போவும், காயிதமும் போவும். கருப்பன் திருடிக்கினு ஓடிட்டான்னு சொல்ட்டேன். வெறவு போட்ற மாதிரி வந்தான், இடுப்பிலேர்ந்து அறுத்துக்கினு போய்ட்டான்னு. சொன்னதும் அவரு சந்தேகமே படல. 'நான் அப்பவே சொன்னேன்'னாரு. சாயங்காலம் வரும்போது போலீசயும் கூட்டியாறாராம்.

இன்னா அப்டிப் பாக்கற? மலைக்காரனுக்கு இன்னாபா, ரெண்டு அடி அடிப்பாங்க, வுட்ருவாங்க. அவனுக்கு இன்னா, நெரந்தரம் பண்ற காயிதமா போவப்போவுது?

காசி, பாத்து நெம்புடா. கீழ்ப் பக்கம் வையி. கீழ… டேய், நடுவுல வக்காத, அது பலகடா, பொளந்துக்கப்…

பொளந்துக்கிச்சு. மேலேர்ந்து கீழ வரைக்கும். கேட்டியாபா, கேட்டியா அந்த சத்தத்த?

எங்க போய்ட்ட? பஸ்ஸு இன்னும் வரலியே. ஏம்பா, பஸ்ஸு இந்தப் பக்கம், நீ மேட்டுல ஏறிக்கினு இருக்கற. மூட்டய வேற தோள்ல… இன்னா இது, பெஞ்சு மேல. மந்தார எலயில சுத்தி…

இது எங்க பங்களா சாவி.

காசி, நிறுத்துடா. கடப்பாறயக் கீழ போடு.

ஏங்க. ஏங்க, கொஞ்சம் நில்லுங்க. கருப்பன் உங்களுக்கு இன்னா வேணும்ங்க? தம்பியா, மச்சானா? மொதல்லயே வாயத் தொறந்து சொல்லக்கூடாதுங்களா? ஒரு வார்த்த… நில்லுங்க ஐயா, நீங்க வந்து எஞ்சினீராண்ட சொல்லணும், நான்தான் அவன் உயிரக் காப்பாத்தினேன்னு… கீழ கார் சத்தம் கேக்குதுங்க, போலீசு வந்துரும்ங்க…

ஏங்க, அந்த சாமை நெசமாவே எனக்குத்தானுங்களா?