ஏலக்காய் காயவைத்த சர்வர்

இணையம் வராத நாளில் ரூட்டருக்குத் திருநீறு பூசிவிட்டு, பக்தியோடு காத்திருந்த அறிவாளி நான். அதனால்தானோ என்னவோ, குரங்கணியிலிருந்து போடிக்கு இறங்கும் ஜீப்பில் பக்கத்துப் பெண் போனில் கத்தியதும் என் காது நீண்டுவிட்டது.

"யம்மா, சர்வர் பொட்டி மேல எதுக்கு ஏலக்காயக் கொட்டி வச்ச?"

ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் கணீரென்று வந்தது. "சூடாக் காத்து வருதுல்ல? மழையில நனைஞ்ச காய். சும்மா போற காத்துதானடி?"

மகள் செய்த இணையதளம் அந்தப் பெட்டியில்தான் ஓடுகிறதாம். போடியில் அவளை வேலைக்கு எடுக்கப் போகிறவர்கள் இன்று அதைத்தான் திறந்து பார்ப்பார்கள். அதுவோ திறக்கவில்லை.

"லைட்டு எரியுதா?"

"ஜம்முன்னு எரியுது."

"அப்பப் பொட்டிக்கு ஒண்ணுமில்ல. பின்னாடி நெட்டு வர்ற நீல வயரு எங்க போகுது?"

"எங்கயும் போகல. ஏலக்கா கெடந்த ரூமுக்குப் பொட்டியத் தூக்கியாந்தேன், வயரு எட்டல. கழட்டிச் சுருட்டி ஆணியில மாட்டிட்டேன்."

"பழைய எடத்துல வச்சு வயரச் சொருகு, வெரசா!"

"காய் பாதிதான் காஞ்சிருக்கு."

"யம்மா!"

"சொருகுறேன்டி."

இரண்டு வளைவு தாண்டியதும் அவள் போனில் பக்கம் திறந்தது. போட்டி வைத்தால், சும்மா போகிற காற்றையும் வீணாக்காத அம்மாவுக்குத்தான் வேலை கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லாமல், "எங்க வீட்டு ரூட்டரு திருநீறுக்கும் மசியலம்மா" என்று அசடு வழிந்தேன்.

"வயரு மாட்டியிருக்கான்னு பாத்தீங்களாண்ணே?"