நாற்பதுக்கு ஒன்று

…அன்பானவர்களே, நடுவில் நான் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தாளை நானே எழுதினேன். கோணலும் மாணலுமான என் எழுத்தை நானே கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. பின்னால் மாட்டியிருக்கிறார்களே, நம் புதுப் படிப்பகத்துக்குப் பாதை போடும் படம்… அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னக் கதை இருக்கிறது. கேட்கிறீர்களா?

இதே ஏற்காட்டில் தண்டபாணி ஐயா வீடு. நான் அங்கே தோட்டக்காரன். வீடு மேலே, கேட் கீழே. நடுவில் இருபது அடி இறக்கம். போன மழையில் கல்படி எல்லாம் சரிந்து போயிற்று. ஐயாவின் மனைவி விசாலம் அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன். கேட்டுக்கு எதிர் வீட்டில் அவர் சிநேகிதி எஸ்தர் அம்மா. அவருக்கு இளைப்பு, மேலே ஏற முடியாது. முப்பது வருஷமாகச் சேர்ந்து டீ குடித்தவர்கள்… எட்டு மாதமாகக் கத்திக் கத்தித்தான் பேச்சு!

"எஸ்தரு! இன்னிக்கு என்ன குழம்பு?"

"மீனு! உனக்குத்தான் எட்டாதே!"

தெருவே சிரிக்கும். ஆனால் விசாலம் அம்மா உள்ளே போய்க் கண்ணைத் துடைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஐயா ரயில்வேயில் தண்டவாளம் போட்ட மனிதர். சும்மா இருப்பாரா? படம் போட்டார். "சடையரே, நாற்பது அடி நடந்தா ஒரு அடிதான் இறங்கணும். நாற்பதுக்கு ஒன்னு. தெரியுதா?"

"ஐயா, அப்ப எத்தனை வளைவு வரும்?"

"பத்தொன்பது."

பத்தொன்பது! மேடு முழுக்கப் பாதை. பாதைக்கும் பாதைக்கும் நடுவே ஒரு சாண் மண். "ஐயா, செடி எங்கே வைக்கிறது?" என்றேன். "செடி கிடக்கட்டும், முதல்ல சரிவு" என்றார். ஒன்றரை மாதம் வெட்டினேன். என் இடுப்பைக் கேளுங்கள், அது சொல்லும்!

திறப்பு விழா வந்தது. ரிப்பன் கட்டினார் ஐயா. கீழே கேட்டில் எஸ்தர் அம்மா, கையில் டீ பிளாஸ்க். விசாலம் அம்மா கிளம்பினார். முதல் வளைவு… எஸ்தர் முகம் தெரிகிறது. "வந்துட்டேன் எஸ்தரு!" அடுத்த வளைவு… முகம் முதுகுப் பக்கம் போய்விட்டது. மூன்றாவது… "வந்துட்டேன் எஸ்தரு!" நாலாவது… காணோம்! வலது, இடது, வலது, இடது. ஏழாவது வளைவில் தலை சுற்றித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க… இது பாதையா, ராட்டினமா?"

ஐயா படத்தை விரித்துக் காட்டுகிறார். "சரிவு சரியாத்தானே இருக்கு! நாற்பதுக்கு ஒன்னு!"

"நான் என்ன கூட்ஸ் வண்டியா?"

நான் சிரித்தேன். ஐயாவுக்கும் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. "போதும்ங்க. என்னை மேலே கொண்டுபோய் விட்டுடுங்க. இனிமே கத்தியே பேசிக்கிறோம்" என்றார்.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல்… "ஏய் விசாலம்! டீ ஆறுதுடி! குறுக்கால வாடி!"

பார்க்க வேண்டுமே! விசாலம் அம்மா எழுந்தார். தடியை ஊன்றினார். பாதையை விட்டு இறங்கி, இளகின மண்ணில் பக்கவாட்டில் கால் வைத்தார். ஐயா என்ன செய்தார் தெரியுமா? படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஓடிப்போய் ஒரு அடி கீழே நின்று தோளைக் கொடுத்தார். நான் பாதைக்குக் கோடு போட வைத்திருந்த சுண்ணாம்பு டப்பாவோடு பின்னாலேயே ஓடி, அம்மா கால் பட்ட இடமெல்லாம் புள்ளி வைத்தேன். மூச்சு வாங்கி இரண்டு இடத்தில் நின்றார், அங்கே வட்டம் போட்டேன். பிடிக்கக் கை நீட்டிய இடத்தில் ஒரு குச்சி நட்டேன். எத்தனை திருப்பம் தெரியுமா? மூன்றே மூன்று! எஸ்தர் அம்மா பிளாஸ்கோடு கட்டிப் பிடித்ததில் டீ முழுக்க ஐயா சட்டையில்!

மறுநாளே வேலை தொடங்கினோம். புள்ளி வைத்த இடத்தில் பாதை. வட்டம் போட்ட இடத்தில் கல் பெஞ்சு. குச்சி நட்ட இடத்தில் உறுதியான கைப்பிடிக் கம்பு, பக்கத்திலேயே ரோஸ்மேரி, தொட்டால் கை மணக்கும். முள் ரோஜாவைக் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தேன். பாதையோரம் மண் சரியாமல் இருக்க வெட்டிவேர். மீதி மேடு முழுக்க ஹைட்ரேஞ்சியாப் பூ, நீலம் நீலமாக. ஒரு பூ வைக்க இடமில்லாத மேட்டில் இவ்வளவு இடம் எங்கேயிருந்து வந்தது?

இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். ஐயாவுக்கு அன்பில்லையா? நிறைய இருந்தது. அறிவில்லையா? என்னைப் போல பத்து மடங்கு. நடக்கப் போகிறவரை நடக்கவிட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்! நம் படிப்பகத்துக்கு யார் ஏறப் போகிறார்கள்? சாய்ந்து நடக்கிற காதர் பாய். கண் சரியாகத் தெரியாத பொன்னம்மாள். கைக்குழந்தையோடு வகுப்புக்கு வருகிற செல்வராணி. இவர்களில் ஒருவரையாவது இந்தப் படம் போடுமுன் கூப்பிட்டோமா?

படத்தைச் சுருட்டுங்கள். நாளைக் காலை பத்து மணிக்கு எல்லோரும் படிப்பக மேட்டுக்கு வாருங்கள். அவர்கள் மூவரும் முன்னே நடக்கட்டும், நாம் வாயை மூடிக்கொண்டு பின்னே போவோம். எங்கே நின்றார்கள், எங்கே கை நீட்டினார்கள் என்று ஒன்று விடாமல் எழுதி, அடுத்த வாரம் இதே மேடையில் வாசிக்கிறேன். அதைக் கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுப்போம்.