நான் செய்த கார்

துருச் சுரண்டுவது எனக்குப் பிடித்த வேலை. உப்புத்தாள் வைத்துத் தேய்க்கத் தேய்க்கப் பழுப்பெல்லாம் பொடியாக உதிர்ந்து, அடியிலிருந்து வெள்ளையாக இரும்பு தலைகாட்டும். யாருடனும் பேச வேண்டியதில்லை. கெட்டது எங்கே முடிகிறது, நல்லது எங்கே ஆரம்பிக்கிறது என்று கை தானாகக் கண்டுகொள்ளும். தண்ணீர் போதும், டீ வேண்டாம். நான் நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதுங்கள்.

என் கணவர் பல் டாக்டர். வீட்டில் நான் உட்பட எல்லோருக்கும் அவர் டாக்டர்தான். கார் அவருடைய அப்பாவுடையது. இரண்டு கதவு, உருண்டை விளக்குகள், பாலேடு நிறம். மாமனார் போன பிறகு ஷெட்டிலேயே நின்றுவிட்டது. எஞ்சின் இறுகிப்போயிருந்தது, பாகங்கள் எங்கேயும் கிடைக்கவில்லை. டாக்டர், பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்றில் சேர்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கார்களை வரிசையாக நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவர் காரை இன்னொருவர் பாராட்டுவார்கள். ஓடாத காரின் சொந்தக்காரருக்கு அங்கே என்ன மரியாதை இருக்கும்? ஒருநாள் அங்கிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"எலக்ட்ரிக்கா மாத்திடலாம்னு இருக்கேன்."

மாத்திடலாம் என்றால் நான் மாற்ற வேண்டும் என்று அர்த்தம். எங்கள் வீட்டு இலக்கணம் அது. துணியை மடிச்சுடலாம், க்ளினிக் நாற்காலி மக்கர் பண்ணுது, பார்த்துடலாம். எல்லா வினைச்சொல்லுக்கும் எழுவாய் நான்தான். சொல்லப்படாத எழுவாய்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் பாடம் எடுத்தவள். மோட்டார் லேப் என் பொறுப்பில் இருந்தது. அவர் தனியாக க்ளினிக் போட்டபோது, "கொஞ்ச நாளைக்கு லீவு போடேன்" என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. க்ளினிக்கில் எச்சில் உறிஞ்சும் பம்ப்பை நான்தான் பிரித்துச் சரிசெய்வேன். வெளியே காத்திருப்பவர்கள் என்னைத் துப்புரவுக்கு வந்தவள் என்று நினைத்துக் காலை நகர்த்திக்கொள்வார்கள். அவர் ஒருநாளும் திருத்தியதில்லை. இதையெல்லாம் கோபம் என்று எழுதிவிடாதீர்கள். விவரம் சொல்கிறேன், அவ்வளவுதான்.

காருக்கு வருகிறேன். ஒரு கிடங்கில் கழித்துப்போட்ட ஃபோர்க்லிஃப்டின் மோட்டாரை எடுத்தேன். விபத்தில் நொறுங்கிய மின்சாரக் கார் ஒன்றின் பேட்டரியை வாங்கி, ஒவ்வொரு செல்லாகச் சோதித்துத் தேறியவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். மோட்டாரையும் பழைய கியர்பாக்ஸையும் சேர்க்கும் தட்டை முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு லேத்துக்குக் கொடுத்தேன். வந்த தட்டு மயிரிழை தள்ளியிருந்தது. தூக்கி மூலையில் போட்டுவிட்டு வேறு செய்யச் சொன்னேன். டாக்டர் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் பார்க்க வேண்டிய இடத்தில் அல்ல, அவர் பார்க்க விரும்பிய இடத்தில் வெளிச்சம் விழும்.

உண்மையாகவே உதவியவள் என் நாத்தனார். அவருடைய தங்கை. சின்னவள் என்று கூப்பிடுவோம், தலை நரைத்த பிறகும் சின்னவள்தான். மாடியில் குடியிருந்தாள், தையல் அவள் தொழில். கிழிந்துபோன சீட்டுகளைப் பிரித்து, பஞ்சு மாற்றி, மிளகாய்ச் சிவப்பில் உறை தைத்தாள். வாயில் ஊசியை வைத்துக்கொண்டே பேசுவாள்.

"அண்ணி, இந்த வயரெல்லாம் உங்களுக்கு எப்படி அண்ணி பயமில்லாம இருக்கு? எனக்கு மிக்ஸி ஸ்விட்சைத் தொட்டாலே நடுங்குது."

"நீ வாயில ஊசி வெச்சிருக்கியே, அதைப் பார்த்தா எனக்கு நடுங்குது."

இப்படிச் சிரித்துக்கொண்டு வேலை செய்தோம். எனக்கு அவளைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காரில் பிரேக்கை லேசாக்க பூஸ்டர் என்று ஒரு டப்பா உண்டு. எஞ்சின் ஓடும்போது அந்த டப்பாவிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் லேசாக மிதித்தாலே வண்டி நிற்கும். எஞ்சினை எடுத்துவிட்டால் உறிஞ்ச ஆள் இல்லை. அதற்கென்று ஒரு சின்ன மின்சாரப் பம்ப் வைக்க வேண்டும். வைத்தேன். பம்ப் நின்றுபோனால் தெரிய வேண்டுமே என்று ஒரு சிவப்பு விளக்கும் பஸ்ஸரும் வைத்தேன். பம்ப் இல்லாவிட்டாலும் டப்பாவில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தை வைத்து ஓரிரு முறை பிரேக் பிடிக்கும். அதன் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பலமான கால் இருந்தால் முழு எடையையும் போட்டு நிறுத்தலாம். டாக்டருக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மாடிப்படி ஏறவே கைப்பிடி வேண்டும். கை பிரேக் கேபிள் பழசு, மாற்றுங்கள் என்று பலமுறை சொன்னேன். அவர் சக்கரத்துக்குப் பளபளவென்று மூடி வாங்கி வந்தார்.

முதல் தடவை ஜாக்கியில் நிறுத்திச் சக்கரத்தைச் சுழல விட்டபோது ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை. சக்கரம் மட்டும் சுற்றியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சின்னவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் போனை எடுத்துச் சங்கத் தலைவரைக் கூப்பிட்டார். "சாதிச்சுட்டேன் சார்" என்றார்.

ஆங், சாதிச்சுட்டேன். இந்த வினைச்சொல்லுக்கு மட்டும் எழுவாய் அவர்.

பிறகு கேமராவோடு இரண்டு பேர் வந்தார்கள். பழைய கார்களைப் பற்றி வீடியோ போடுகிறவர்கள். டாக்டர் புது ஓவரால் போட்டுக்கொண்டு, கன்னத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொண்டு நின்றார். அந்த கிரீஸ் டப்பாவை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அவர் பேசினார். தூங்காமல் யோசித்ததாம், தட்டு மயிரிழை தள்ளிப்போனதாம், தூக்கிப்போட்டுவிட்டு வேறு செய்யச் சொன்னாராம். நான் டீத் தட்டோடு வந்தேன். கேமரா வைத்திருந்தவர் மரியாதைக்குக் கேட்டார்.

"மேடம் ஹெல்ப் பண்ணாங்களா சார்?"

"இவங்களா? இவங்களுக்கு வண்டில எந்தப் பக்கம் ஏறணும்னு தெரிஞ்சாலே பெரிசு."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவள் மட்டும், "என்னண்ணா பேசற, அண்ணிதானே எல்லாம் பண்ணாங்க" என்றாள். "பாருங்க, எங்க வீட்டுல பொம்பளைங்க யூனியன் வெச்சிருக்காங்க" என்றார். அதற்கும் சிரித்தார்கள். வீடியோவில் அந்த இடத்தை வெட்டிவிட்டார்கள். என் கையும் டீத் தட்டும் மட்டும் ஓரமாக வந்து போகும்.

அதற்காகச் செய்தேன் என்று நினைக்கிறீர்கள். இல்லை. அதைத் தாங்கிக்கொண்டேன். எனக்குத் தாங்கிப் பழக்கம்.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நான் வேலை பார்த்த பாலிடெக்னிக்கிலிருந்து போன் வந்தது. பேசியவர் என்னிடம் படித்தவர், இப்போது அங்கே துறைத் தலைவர். என் குரலைக் கண்டுபிடிக்கவில்லை. "டாக்டர் சார் இருக்காங்களா மேடம்? பசங்களுக்கு ஒரு லெக்சர் குடுக்கணும். மோட்டார் லேப்லயே வெச்சுக்கலாம். அந்தக் காரையும் கொண்டுவரச் சொல்லுங்க" என்றார். நான் யார் என்று சொல்லியிருக்கலாம். போனை டாக்டரிடம் கொடுத்தேன். அந்த மாணவரின் பெயரை நான் நினைவு வைத்திருந்தேன், அவர் முதல் முறை மோட்டாரைத் தலைகீழாகச் சுற்றவிட்டுப் பயந்து ஓடியதையும் நினைவு வைத்திருந்தேன்.

டாக்டர் சமையலறைக்கு வந்தார்.

"லெக்சர் குடுக்கணுமாம். நீ ஒண்ணு பண்ணு, எல்லாத்தையும் சுருக்கமா, எனக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுத்துடு."

"அது என் லேப்ங்க."

"எப்பவோ இருந்துச்சு. இப்ப அங்க உன்னை யாருக்குத் தெரியும்?"

"நானும் வரட்டுமா?"

"நீ வந்து என்ன பண்ணப் போற? யாராச்சும் குறுக்குக் கேள்வி கேட்டா நீ பதில் சொல்லிடுவ. அப்புறம் நான் எதுக்கு?"

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னார். அப்புறம் நான் எதுக்கு. இவ்வளவு வருஷத்தில் அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி. பருப்பு கரிந்த வாடை வந்தது. அடுப்பை அணைத்தேன். எழுதிக் கொடுத்தேன். பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன். பம்ப்பைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. அவர் படித்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். படித்திருந்தால் பெடல் ஏன் இறுகியது என்றாவது தெரிந்திருக்கும்.

லெக்சர் அன்று காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தார். ஷெட்டுக்குப் போய் பானட்டைத் திறந்தேன். பம்ப்புக்குப் போகும் இணைப்பைக் கழற்றி, தானாகக் கழன்றது போலத் தொங்கவிட்டேன். பூஸ்டர் டப்பாவில் முந்தின நாள் ஓட்டத்தின் மிச்சம் இருந்தது. தெருமுனைவரை அது தாங்கும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினால் இறக்கம். பேட்டரியால் வண்டி முன்பைவிடக் கனம். எஞ்சின் இருந்தால் இறக்கத்தில் அதுவே கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். இந்த மோட்டார் அப்படிப் பிடிக்காது, உருள விட்டுவிடும். இதையெல்லாம் அப்போது யோசித்தேனா என்றால், யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அவர் வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். நான் கேட்டைத் திறந்தேன். அப்போது மாடியிலிருந்து சின்னவள் இறங்கி ஓடிவந்தாள், பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

"அண்ணா, நானும் வரேன். என் சீட்டை நாலு பேர் பார்க்க வேணாமா?"

"ஏறு ஏறு, லேட்டாகுது."

அவள் முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். கண்ணாடியை இறக்கி என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"அண்ணி, அங்க மைக்குல நான் சொல்லிடுவேன், யார் பண்ணதுன்னு. அண்ணன் என்ன பண்ணுவாருன்னு பார்த்துடலாம்."

அவள் அதற்காகத்தான் போகிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாய் திறக்க எனக்கு நேரம் இருந்தது. டாக்டர் கண்ணாடியைத் திருப்பித் தலைவாரிக்கொண்டிருந்தார். ஒரு சொல் போதும். ஆனால் சொன்னால், ஏன் கழற்றினாய் என்று கேட்பார்கள். அதைவிட, மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல வேண்டியிருக்கும். வேலையில் மறதிக்காரி என்று அவர் வாயால் கேட்க வேண்டியிருக்கும். பெல்ட் போட்டிருக்கிறாளே என்று நினைத்தேன். அந்தப் பெல்ட்டைப் பொருத்தியதும் நான்தான், அதை நம்பலாம். கார் சத்தமில்லாமல் போனது. கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டினேன்.

இறக்கத்தின் அடியில் மரக்கடைச் சுவர். டாக்டர் அங்கேயே போய்விட்டார். சின்னவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பெல்ட் பிடித்திருக்கிறது. பேட்டரி பெட்டி அவ்வளவு பெரிய இடியிலும் பிளக்கவில்லை, ஒரு பொறிகூட வரவில்லை.

உங்கள் பக்கத்திலிருந்து ஒரு நிபுணர் வந்து பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்துக்கொண்டு, என் எதிரிலேயே உங்கள் ஆளிடம் சொன்னார். "வீட்டுல செஞ்சது சார். கனெக்‌ஷன் கழண்டிருக்கு. தொழில் தெரியாதவங்க கை வெச்சா இப்படித்தான்." பஸ்ஸர் ஏன் அடிக்கவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அவரை மதித்திருப்பேன். பஸ்ஸர் வயரையும் விளக்கு வயரையும் நான்தான் கழற்றியிருந்தேன். பம்ப் இணைப்பை மட்டும் கழற்றியதாகச் சற்றுமுன் சொன்னேன், சேர்த்துக்கொள்ளுங்கள். விபத்து என்று முடித்தார்கள். சங்கத்துக்காரர்கள் வந்து, பெரிய சாதனையாளர் என்று மாலை போட்டுவிட்டுப் போனார்கள். நான் பேசாமல் இருந்தேன். அப்படியே இருந்திருக்கவும் முடியும்.

இன்று ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு போனேன். சின்னவள் மெல்லப் பேசினாள். பிரேக் பிடிக்கவில்லை என்று அண்ணன் கத்தியபோது, "பயப்படாதேண்ணா, அண்ணி பண்ணது, பிடிக்கும், இன்னொரு தடவை மிதி" என்று சொன்னாளாம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, கழண்டுடுச்சுன்னு சொன்னாங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. தப்பு யாருக்குத்தான் வரலை? நான்கூட எத்தனை ஜாக்கெட்டை அளவு தப்பா வெட்டியிருக்கேன்."

என்னை மன்னித்தாள். என் வேலையை மன்னித்தாள்.

அவர் செய்ததெல்லாம் தாங்கினேன். நிபுணர் சொன்னதைத் தாங்கினேன். அவள் சொன்னதைத் தாங்க முடியவில்லை. அந்த வீட்டில் என் கைவேலையை அறிந்தவள் அவள் ஒருத்திதான். அவளே அளவு தப்பிய ஜாக்கெட்டோடு அதைச் சேர்த்துவிட்டாள். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் உள்ளதைச் சொன்னேன். நான் எதிர்பார்த்தது என்னவென்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஏதோ, சரி அண்ணி, அப்படியானால் சரி, என்பாள் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அவளால் புரண்டு படுக்க முடியாது. கழுத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கையை உருவிக்கொண்டாள். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னார். அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவள் கால்களையும் சேர்த்து எழுதுங்கள். ஆனால் அந்த இணைப்பு கழன்றுபோனது என்று எழுதியிருக்கிறதே, அதை அடித்துவிடுங்கள். என் வேலையில் ஒரு குறையும் கிடையாது.