துணைக்கு ஒரு ஆள்

– மிஷின கொஞ்சம் நிறுத்தேன். நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?

– விழுது, விழுது. ஆறு வருஷம் கழிச்சு புருஷன் கடை வாசல்ல வந்து நின்னு, ஆஸ்பத்திரிக்குக் கூட வான்னா எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இந்த ஸ்கூல் பேண்ட்ட முடிச்சிடறேன். உள்ள வந்து உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஆடும்.

– எனக்கு நோவு ஒண்ணும் இல்ல. இது ஆராய்ச்சி. வயசானவங்களுக்கு ஏன் மறதி வருதுன்னு பாக்கறாங்க. நம்ம தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு பொண்ணு வந்து பேசுச்சு. எல்லா ஜனத்துலயும் ஆள் வேணுமாம், நம்ம ஆளுங்க மட்டும் ஒருத்தர்கூட சேரலையாம். அடுத்தவங்க ஒடம்புல பாத்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கும்னு எப்படிச் சொல்றதுன்னு கேட்டுச்சு. நியாயந்தானே?

– நியாயந்தான். அத்தன பேரும் கம்முனு இருக்க, நீங்க மட்டும் கையத் தூக்கினீங்களாக்கும். கல்யாண வீட்டுல போட்டோவுக்கே நிக்கமாட்டீங்க!

– தூக்கினேன். பஸ் ஓட்டின கை, தூக்கினா என்ன? ஆனா துணைக்கு ஒரு ஆள் வேணுமாம். நம்மள நல்லாத் தெரிஞ்ச ஆளு. அவங்ககிட்ட தனியா கேள்வி கேப்பாங்க.

– என்னன்னு?

– சொன்னதையே சொல்றாரா, சாவிய வெச்சிட்டுத் தேடறாரா, முன்ன மாதிரியே இருக்காரா, ஆளு மாறிட்டாரான்னு.

– மாறிட்டா நல்லதுன்னு சொல்லட்டுமா?

– குத்து. நல்லாக் குத்திக்கோ.

– பின்ன? பஸ்ஸுல ஏறினவங்ககிட்ட பேசினதுல பாதி என்கிட்ட பேசியிருந்தா, நான் எதுக்குத் தங்கச்சி வீட்டு மாடியில வந்து கெடக்கறேன்? டிவியப் போட்டுட்டு உம்முனு உக்காந்துடுவீங்க. நான் செவுத்துகிட்டதான் பேசிட்டிருந்தேன்.

– இப்ப பேசறேன்ல.

– இப்ப பேசறீங்க. உங்க தம்பியக் கூட்டிட்டுப் போங்களேன்.

– அவனுக்கு என்னப் பத்தி என்ன தெரியும்? நான் தூக்கத்துல பல்லக் கடிக்கறது தெரியுமா அவனுக்கு?

– நறநறன்னு! தெருவே எழுந்துக்கும்.

– அதான் சொல்றேன். இன்னொண்ணும் இருக்கு. துணைக்கு வர்றவங்க வாரத்துல ஒரு தடவையாச்சும் ஆள நேர்ல பாத்துப் பேசணுமாம். அது அவங்க சட்டம், நானாச் சொல்லல.

– ஓஹோ. அவங்க சட்டம்.

– அஞ்சு நிமிஷம் போதும். இங்க ஓரமா உக்காந்துட்டுப் போயிடறேன். நீ பாட்டுக்குத் தைச்சிக்கிட்டிரு.

– எத்தன நாளைக்கு?

– ரெண்டு வருஷம். நீட்டிச்சாலும் நீட்டிப்பாங்களாம்.

– எல்லாம் வெவரமா கேட்டு வெச்சிருக்கீங்க.

– வீட்டுல மனுஷக் குரலே இல்லடி. ஃபேன் சத்தந்தான். மாடிப்படியில யார் ஏறினாலும் நீதானோன்னு இருக்குது. முடியாதுன்னு மட்டும் சொல்லிடாத.

– ஐயே, இதென்ன கண்ணுல தண்ணி! இந்தாங்க, இந்த வெட்டுத்துணில தொடச்சிக்கோங்க. வியாழக்கிழமை மத்தியானம் கடையில கூட்டம் இருக்காது. அப்ப வாங்க.

– நெஜமாவா? வாரா வாரம்?

– வாரா வாரம். துணைன்னு என் நம்பரக் குடுத்திருந்தீங்கல்ல, அந்தப் பொண்ணு, நீங்க வர வேண்டியதில்லன்னு நேத்து எனக்குப் போன் பண்ணுச்சு. சக்கரை அதிகம், சேத்துக்க முடியாதுன்னு போன வாரமே உங்ககிட்ட சொல்லிட்டாங்களாமே.