தாரணியின் ஆன்டிபாடி

எனக்குத் தே ஓ கோசோங் போதும், இன்ஸ்பெக்டர். தேநீரில் பாலும் சர்க்கரையும் விட்டு ரொம்ப நாளாகிறது.

தாரணியைப் பற்றித்தானே கேட்டீர்கள். நல்ல பிள்ளை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிதில் அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அவள் அப்பா மருதமுத்து மெர்லிமாவ் பக்கம் செம்பனைக் குலை வெட்டுபவர். தோட்டத்துப் பிள்ளைகள் படித்து மேலே வருவதில் எனக்கு எப்போதும் மகிழ்ச்சிதான். எனக்கும் மேலே வருவாள் என்றுதான் நினைக்கவில்லை.

காய்ச்சல் ஆய்வுக்கு அவளைத் தலைவியாகப் போட்டார்கள். விஷயம் எளிது. உடம்பில் வைரஸ் புகுந்தால் அதை எதிர்க்க எம்எக்ஸ்ஏ என்றொரு புரதம் ரத்தத்தில் கூடும். அந்தப் புரதத்தை மட்டும் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி ஒன்றை அவள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாள். ஒட்டினால் தட்டில் மஞ்சள் நிறம் வரும், வைரஸ் காய்ச்சல் என்று அர்த்தம். நிறம் வராவிட்டால் பாக்டீரியாவாக இருக்கலாம், ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும்.

அவள் வரவழைத்த குப்பியில் இருந்ததைக் கொட்டிவிட்டு வேறொரு ஆன்டிபாடியை ஊற்றிவைத்தேன். எல்லார் ரத்தத்திலும் இருக்கிற ஒரு சாதாரணப் புரதத்தில் ஒட்டக்கூடியது அது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான நோயற்ற ரத்தத்தைத் தயாரிப்பது என் பொறுப்பு. அதுவும் மஞ்சளானால் குட்டு உடைந்துவிடும் என்று அந்த இடத்தில் வெறும் உப்புக் கரைசலை வைத்தேன். டெங்கிக் காலம் என்பதால், நோயாளிகளின் ரத்தமெல்லாம் மஞ்சளானதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசியில் மருத்துவமனை முடிவுகளோடு ஒப்பிடும் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அவள் தலைகுனிய வேண்டும். என் திட்டம் அவ்வளவே. யாரும் சாக வேண்டும் என்று அதில் இல்லை.

ஒரு காலை அவள் தன் அப்பாவின் ரத்தத்தையே கொண்டுவந்தாள். அந்த ஆன்டிபாடி ஆராய்ச்சிக்கு மட்டுமான பொருள், நோயறிய அல்ல என்று நான் நினைவூட்டத்தான் செய்தேன். அவள் கேட்கவில்லை. தட்டு மஞ்சளானது. அவள் முகம் மட்டும் தெளியவில்லை.

“அங்கிள், அப்பாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு. கெண்டைக்கால் வலி வேற தாங்கல. எலிக் காய்ச்சலா இருக்கும், இப்பவே வார்டுல சேருங்கன்னு கிளினிக் டாக்டர் சொல்றாரு. அப்பா வரமாட்டேங்கறாரு. என்னா செய்யறது?”

செம்பனைத் தோட்டம், எலி, மஞ்சள் கண். எலிக் காய்ச்சல் பாக்டீரியாவால் வருவது. டாக்டர் சொன்னதுதான் சரி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. குப்பியைப் பற்றி வாய் திறக்காமலேயே, எதற்கும் வார்டுக்குக் கொண்டுபோ என்று சொல்லியிருக்கலாம். அவள் என் வாயையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒன் டெஸ்ட்ட நீயே நம்பலன்னா வேற யாரும்மா நம்புவா? வைரஸ்தான். ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்லா” என்றேன்.

மருதமுத்து வீட்டிலேயே கிடந்தார். நினைவு தப்பியபிறகு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்குள் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. சாவு வீட்டுக்கு நானும் போனேன்.

“நாந்தான் எங்கப்பாவ கொன்னுட்டேன், அங்கிள்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்படியெல்லாம் பேசாதே என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். எனக்கும் உண்மையிலேயே வருத்தம்தான். ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அவள் தலைகுனிவதை எல்லாரும் பார்த்திருக்க வேண்டிய அந்தக் கூட்டம் நடக்கவே இல்லை.

குப்பியில் மிச்சமிருந்ததைச் சோதித்து அவளேதான் கண்டுபிடித்தாள். கெட்டிக்காரி, அதை நான் மறுக்கமாட்டேன்.

ஆகவே, ஆமாம். குப்பியை மாற்றியது நான். மாற்றியது தெரிந்தும் அந்த மனிதரை வீட்டில் கிடக்கவிட்டது நான். ஆனால் அப்பாவை வார்டில் சேர்க்காமல் வைத்திருந்தது அவள்தான், இன்ஸ்பெக்டர். நீங்கள் நியாயமான மனிதராகத் தெரிகிறீர்கள். அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.