கூடம் கோணல்

எங்கள் வின்னிபெக்கில் எந்த வீடும் நேராக நிற்பதில்லை. இது உங்களுக்குத் தெரியாததல்ல, மிஸ்டர் பாய்ச்சுக். நீங்களும் வடக்குப் பக்கத்துப் பிள்ளைதான் என்று போலீஸ் காரில் என்னைக் கூட்டி வரும்போது சொன்னீர்கள். அடியில் கிடக்கும் களிமண் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், பனிக்கு எக்கும். அதற்காகத்தான் ஒவ்வொரு வீட்டு பேஸ்மென்டிலும் உத்தரத்தைத் தாங்கி மூன்று இரும்புத் தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு திருகு. வசந்தத்தில் ஒரு தரம், இலை உதிரும்போது ஒரு தரம் ரசமட்டம் வைத்துப் பார்த்துக் கால் சுற்று ஏற்றுவோம், அல்லது இறக்குவோம். என் அப்பா செய்தார், நானும் செய்தேன். நீங்களும் உங்கள் அம்மா வீட்டில் செய்திருப்பீர்கள்.

வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் தண்டவாளத்துக்கு மட்டம் பார்த்தவன் நான். எதையும் கோணலாக விட்டுவைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஆரம்பம் ஒரு கைப்பிசகு. இரண்டு வருடத்துக்கு முந்திய அக்டோபர். என் மனைவி ஸ்டெஃபா விக்டோரியாவில் இருக்கும் தன் தங்கை ஊரோடு போய்விட வேண்டும் என்று தீர்மானித்திருந்தாள். அங்கே பனி கிடையாது, பிப்ரவரியிலேயே பூப் பூக்கும் என்று படம் வேறு காட்டினாள். வீட்டை விற்க மாட்டேன் என்றேன். அவள் சண்டை போடவில்லை. "நீ இரு வாசில். உனக்குப் பனி பிடிக்கும். எனக்கு முட்டி வலிக்குது, நான் போறேன்" என்றாள், படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டே. நாற்பத்தொரு வருடக் கல்யாணத்தை ஒரு விரிப்போடு சேர்த்து மடித்துவிட்டாள். எனக்கு வலித்தது. அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

அன்று மத்தியானம் தூண்களைத் திருகக் கீழே போனேன். ரசமட்டத்தை மேலேயே மறந்துவிட்டேன். கோபம் கையில் இருந்ததோ என்னவோ, நடுத்தூணில் கால் சுற்றுக்குப் பதில் ஒன்றரைச் சுற்றுப் போய்விட்டது. மூன்றாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, "தரை நழுவற மாதிரி இருக்கு" என்றாள். அந்த வாரமே தலை சுற்ற ஆரம்பித்தது. வீடு பார்த்துவிட்டு வர நவம்பரில் எடுத்திருந்த விமானச் சீட்டை ரத்து செய்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. கீழே போய் ஸ்பானரைத் திருகில் மாட்டினேன். பிறகு கழற்றிவிட்டேன். முதல் குற்றம் என்று ஒன்றை எழுத வேண்டுமானால் இதைத்தான் எழுத வேண்டும். நான் அன்று ஒன்றுமே செய்யவில்லை.

அதற்குப் பிறகு செய்தேன். உடம்பு எதற்கும் பழகிக்கொள்ளும். இரண்டு மாதத்தில் சுற்றல் குறைந்து அவளுக்குக் கால் தரையில் நிலைத்துவிட்டது. அதனால் மாதத்துக்குக் கால் சுற்று, ஒரு மாதம் இந்தத் தூண், மறுமாதம் அந்தத் தூண். அவசரப்பட்டால் மேலே சுவர்ப் பூச்சு கிழிந்துவிடும் என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். கதவுகள் இடித்தன, இழைத்து விட்டேன். சுவரில் இருந்த படங்களைச் சுவரோடு ஒத்துப்போகிற மாதிரி மாற்றி மாட்டினேன். வாணலியில் முட்டை ஒரு பக்கமாக ஓடாமல் இருக்க அடுப்புக்கு அடியில் ஆப்பு வைத்தேன். அவள் அம்மாவின் அகலத் தட்டுகளைப் பெட்டியில் கட்டி மேலே ஏற்றிவிட்டேன். சூப்பைக் கோப்பையில் குடித்தால் சிந்தாது என்று சொன்னேன். ஸ்டெஃபா என் கன்னத்தில் தட்டி நன்றி சொன்னாள்.

அவள் ஒழுங்கானவள். இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள், வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அந்த ஓட்டுநர் உரிமத்தைத்தான் முதலில் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. ஒரு பச்சை நோட்டு வாங்கி, எத்தனை மணிக்குச் சுற்றியது, என்ன சாப்பிட்டாள், எவ்வளவு தூங்கினாள் என்று எழுத ஆரம்பித்தாள். உப்பை விட்டாள். காபியை விட்டாள். கசகசா வைத்த ரொட்டிச் சுருளைக்கூட விட்டாள், அது அவளுக்கு உயிர். இதயத்தைப் பார்த்தார்கள், கழுத்தைப் பார்த்தார்கள், மூளைப் படத்துக்கு ஏழு மாதம் காத்திருந்தோம். எல்லாம் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு தடவை 'ஒன்றுமில்லை' என்று சொல்லும்போதும் காரில் உட்கார்ந்து அழுவாள். ஏதாவது ஒன்று இருந்துவிட்டால் தேவலை என்பாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு முறைகூட நான் போகாமல் இருந்ததில்லை, விசாரித்துப் பாருங்கள். இப்படி ஒரு கணவனைப் பார்த்ததில்லை என்று ஒரு நர்ஸ் சொன்னாள். ஓர் இளம் டாக்டர் மட்டும் என்னைப் பார்க்காமல், "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டார். "இவர் இல்லன்னா நான் விழுந்தேதான் கெடப்பேன்" என்றாள் ஸ்டெஃபா.

ஒரு நாள் பக்கத்து வீட்டு டாரல் வந்திருந்தபோது, கூடம் சாய்ந்திருக்கிற மாதிரி தனக்குத் தோன்றுவதாகச் சொன்னாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். டாரல் வயிறு குலுங்கச் சிரித்தான். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

வியாழக்கிழமைகளில் தேவாலயக் கூடத்தில் பெண்கள் சேர்ந்து உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை பிடிப்பார்கள், தெரியுமே உங்களுக்கு. அங்கே அவளுக்குத் தலை சுற்றாது. நோட்டில் வியாழன் மட்டும் வெறுமையாக இருக்கும். உட்கார்ந்தே வேலை செய்வதால் இருக்கும் என்று நான் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். காது டாக்டர் ஃப்ரீசன் மேல் பழி போடாதீர்கள், அவர் நல்ல மனிதர். கடைசியில் அவர், இடது உட்காதில் ஏதோ கோளாறு இருக்கலாம், ஊசி போட்டு அந்தக் காதின் சமநிலையையே அணைத்துவிட்டால் சுற்றல் நிற்கலாம், ஆனால் கேட்கும் திறன் போனாலும் போகலாம் என்றார். அவள் வெளி நடையில் என்னை நிறுத்தினாள். "நீ சொல்லு வாசில். செஞ்சுக்கட்டுமா?"

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். "நீ எத முடிவு பண்ணாலும் நான் கூட இருக்கேன்" என்றேன். எந்த நல்ல கணவனும் அதைத்தானே சொல்வான். போன நவம்பரில் ஊசி போட்டார்கள். அது நோயில்லாத காது. சரியான வார்த்தையில் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அதோடு இடது பக்கம் தொலைபேசி மணி அவளுக்குக் கேட்காமல் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அப்போதாவது தூண்களை நேராக்கியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் குணமானால் விக்டோரியாவுக்குப் போய்விடுவாள்.

ஜனவரி ஆறாம் தேதி, பழைய நாட்காட்டிப்படி வரும் நம் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு விருந்து. நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் அம்மாவின் தட்டுகளைத் தேடி இறக்கிவிட்டாள். பன்னிரண்டு பதார்த்தமும் செய்து, பீட்ரூட் சூப்பை அந்த அகலத் தட்டில் ஊற்றி வைத்திருந்தாள். ஒரு பக்கம் சிவப்பு விளிம்புப் பூவைத் தொட்டது. எதிர்ப் பக்கம் அரை விரற்கடை கீழே நின்றது. நான் ஜெபத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள். பிறகு நோட்டை எடுத்து ஒரு வரி எழுதினாள். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி பதினொன்று, காலை பத்து மணி. வாசலில் பனியை வாரிவிட்டு உள்ளே வந்தேன். பேஸ்மென்ட் கதவு திறந்திருந்தது. ஸ்டெஃபா நடுத்தூணின் முன்னால் நின்றாள், ஒரு கையில் என் ரசமட்டம், ஒரு கையில் நோட்டு. நாற்பது வருடமாகத் தூணுக்குள் இருந்த திருகுமரை இரண்டு விரற்கடை வெளியே வந்து புதுக் காசு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் துரு. பனி பிறந்த ஊரில் பிறந்தவளுக்கு அதைப் படிக்க டாக்டர் வேண்டியதில்லை.

"எவ்ளோ நாளா?" என்று கேட்டு, வலது காதை என் பக்கம் திருப்பினாள்.

"ரெண்டு வருஷம் நாலு மாசம்" என்றேன். அவள் முகத்தைப் பார்த்து நான் பொய் சொன்னதில்லை.

"அப்போ என் காது?"

"நீதான செஞ்சுக்கறேன்னு சொன்ன" என்றேன். உண்மைதானே.

அவள் ரசமட்டத்தைக் கீழே வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். தங்கைக்குப் போன் செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். இந்த இரண்டு வருடமும் செய்கிற மாதிரியே பின்னால் ஏறி அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். பத்தாவது படியில், "கைய எடு வாசில்" என்றாள்.

அவள் சொன்ன எதையும் நான் தட்டியதில்லை. எடுத்தேன். எடுக்கும்போது கையை என் பக்கமாக இழுத்து எடுத்தேன், நானும் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன். இதைத்தான் நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள்.

அவள் விழுந்தது பத்து இருபதுக்கு. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது பதினொன்று ஐந்துக்கு. நடுவில் முக்கால் மணி நேரம் என்ன செய்தேன் என்பது உங்கள் கேள்வி. தூண்களை இறக்கிக்கொண்டிருந்தேன். வெளியார் நாலு பேர் வரப்போகிற வீடு, கோணலாக இருந்தால் நன்றாகவா இருக்கும். கால் சுற்றுக் கணக்கெல்லாம் பார்க்க நேரமில்லை. மேலே சுவர்ப் பூச்சு துணி கிழிகிற மாதிரிக் கிழிவது கேட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் படியையும் அவளையும்தான் பார்த்தார்கள். நீங்கள்தான் கூடத்துச் சுவரில் புது வெடிப்பைப் பார்த்து, தரையில் கிடந்த வெள்ளைப் பொடியை விரலால் தொட்டு, "பிப்ரவரியில எவனாச்சும் தூணத் திருகுவானா?" என்று கேட்டீர்கள். வேறு ஊர்க்காரராக இருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

முதல் தூணில் இருந்தபோது ஸ்டெஃபா என் பெயரைச் சொன்னாள். இரண்டாவதில் இருந்தபோதும் சொன்னாள். மூன்றாவதில் சொல்லவில்லை. வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போக முடியாது, அதனால் திரும்பிப் பார்க்கவில்லை. இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. வீட்டுக்கு மறுபடி போனால் கூடத்தின் நடுவில் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். குமிழி கோட்டுக்கு நடுவில் நிற்கும். அவள் படுக்கையறையிலிருந்து அடுப்படிவரைக்கும் சுவரைத் தொடாமல் நடக்கலாம். ஸ்டெஃபாவுக்கு இனிமேல் அந்த வீட்டில் தலையே சுற்றாது.